மெலிவதற்காக ஆறு நேரம் சாப்பிட்டேன்

கணிதம் படிப்பிக்கிறவனுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. தான் போட்ட கணக்கை அவன் சந்தேகிக்கவே மாட்டான். நான் பதினெட்டு வருடமாகக் கல்முனையில் கணிதம் படிப்பிக்கிறேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அலகு மாற்றம் சொல்லிக்கொடுப்பதும் நான்தான். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் டொக்டர் என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"சேர், எண்பத்தாறு கிலோ. சீனியும் எல்லையில வந்து நிக்கிது. ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ குறைச்சா தப்பினீங்க. இல்லாட்டி ஆயுசு முழுக்க மருந்துதான்."

எனக்கு மருந்து என்றால் பயம். மெலியவும் வழியில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். மருமகன் மெலிந்தால் ஊர் மாமியைத்தான் கதைக்கும். என் மாமி பதினைந்து வருடமாக என் சோற்றுப் பீங்கானின் அடியை நான் பார்க்க விட்டதில்லை. "சோறு போதும் மாமி" என்றால் எடுபடாது. கையில் எழுத்து ஆதாரம் ஏதாவது வேண்டும்.

இணையத்தில் தேடினேன். அமெரிக்கத் தளம் ஒன்று வயதும் உயரமும் நிறையும் கேட்டது. கொடுத்தேன். 'உங்கள் ஆரோக்கியமான நிறையை அடைய' என்று நாற்பது பக்கத் திட்டம் வந்தது. அச்செடுத்து, முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, நேராகச் சமையல் குறிப்புகளுக்குப் போனேன்.

அங்கேதான் என் கல்வி வேலை செய்தது. அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் கப்பிலும் அவுன்சிலும் அளக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பதோ அரிசி அளக்கிற சுண்டு. ஒரு கப் இருநூற்று நாற்பது மில்லிலீட்டர்; சுண்டு எவ்வளவு? பிள்ளையின் பாணி மருந்துப் போத்தல் மூடி பத்து மில்லி. அந்த மூடியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுண்டை நிரப்பினேன். இருபத்தெட்டு மூடி! (மனைவி நஸ்மியா கதவடியில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.) அவுன்சைக் கிராமாக்கி, பரனைற்றைச் செல்சியசாக்கி, தசம தானம் பிசகாமல் அட்டவணை போட்டுக் குசினிச் சுவரில் ஒட்டினேன்.

மாமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். காலையில் முட்டை மூன்று, பட்டர் பூசிய பாண், முழு ஆடைப்பால். பத்து மணிக்கு நிலக்கடலை அரைத்த கச்சான் பட்டரும் வாழைப்பழமும். பகலுக்கு இறைச்சியும் சோறும். பின்னேரம் பேரீச்சம்பழமும் பாதாமும். இப்படி ஆறு நேரம்.

"இதெல்லாம் மெலியவா மகன்?"

"ஓம் மாமி. இது புது முறை."

"அந்த அமெரிக்காக்காரனுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். மனிசனப் பட்டினி போடாம மெலிய வைக்கிறானே!"

எனக்கும் கொஞ்சம் இடித்ததுதான். ஆனால் என்னோடு படிப்பிக்கும் ஒருவர் பட்டரும் முட்டையும் சாப்பிட்டே ஒன்பது கிலோ குறைந்திருந்தார். இது அதற்கும் மேலான விஞ்ஞானம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரத்தில் எண்பத்தெட்டு கிலோ ஆனேன். கட்டுப்பாடு போதவில்லையென்று, விட்டுப்போன பாதாம்களையும் சேர்த்துச் சாப்பிட்டேன். மூன்றாம் வாரம் தொண்ணூற்றொன்று. மெலியும் திட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறவன் ஏன் ஊதுகிறான்? கைத்தொலைபேசியிடம் கேட்டேன். அது வரிசையாக நோய்களின் பெயரைச் சொன்னது. ஒவ்வொன்றின் அறிகுறியும் எனக்கு இருந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாகவும் இரண்டு வந்தன. பயத்தில் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். என் சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது.

அன்று அஸர் தொழுதுவிட்டு நஸ்மியாவை அறைக்குள் கூப்பிட்டேன். மவுத்தாகப் போகிறவன் சொத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் அல்லவா? ஆனால் வீடு அவளுடைய சீதனம். வளவும் அவளுடையது. எனக்கென்று இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான்.

"அத மூத்தவனுக்குக் குடு," என்றேன்.

"என்ன கதைக்கிறீங்க நீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். வெளியே மாமி, சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாசீனை ஓதத் தொடங்கிவிட்டார் என்று சத்தத்தில் தெரிந்தது.

நஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "இப்பவே டொக்டரிட்டப் போவம். என்ன சாப்பிட்டீங்கண்டு அவர் கேப்பார். அந்தக் கடதாசியையும் எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க. நிறைக்கு நேர என்ன போட்டிரிக்கி?"

"எண்பத்தாறு."

"எண்பத்தாறு என்ன?"

எண்ணுக்குப் பக்கத்தில் 'lb' என்று இருந்தது. நஸ்மியா ஊருக்குக் கேக் செய்து கொடுப்பவள்; பட்டர் பெட்டியில் அந்த இரண்டு எழுத்தைத் தினமும் பார்ப்பவள்.

"இது இறாத்தல். நீங்க என்ன, இறாத்தல் கணக்குல விக்கிற பாணா?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். எண்பத்தாறு இறாத்தல் என்றால் முப்பத்தொன்பது கிலோ. ஐந்தடி ஆறங்குலத்தில் முப்பத்தொன்பது கிலோவாக ஒரு மனிதன்! அந்தத் தளம் என்னைக் கண்டு கலங்கிப்போய், எப்படியாவது உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்று ஊட்டியிருக்கிறது. கப்பையும் அவுன்சையும் மாற்றிய மேதை, தன்னை மாற்ற மறந்துவிட்டான்.

எனக்கு நோய் இல்லை. மடத்தனம் மட்டும்தான் இருந்தது. என் வாழ்க்கையில் மடையன் என்று தெரிந்து அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றுதான். அங்கேயே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் சஜ்தாவில் விழுந்தேன். (எழும்புவதற்கு நஸ்மியா கை கொடுக்க வேண்டியிருந்தது. தொண்ணூற்றொரு கிலோ அல்லவா.)

டொக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனி இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. "சேர், இணையத்த விடுங்க. சோத்தப் பாதியாக்குங்க, பின்னேரம் கடற்கரையில நடங்க," என்றார். அன்றிலிருந்து மூன்று மாதம் தவணையும் தந்தார். மூன்று மாதம் நடந்தேன், எண்பத்தொன்றுக்கு வந்தேன். மருந்து இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கதை மட்டும் வீட்டில் நிற்கவில்லை. இப்போது எந்தக் கலியாண வீட்டில், பலர் சேர்ந்து சாப்பிடும் ஸஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும், யாராவது ஒருவர் நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிடுகிறார்.

"சேருக்கு வைங்க. பாவம், முப்பத்தொன்பது கிலோ மனிசன்."

சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். முன்பெல்லாம் காது சிவக்கும். இப்போது, மோட்டார் சைக்கிளுக்கு வாரிசு சொல்லிவிட்டு அழுத அந்தப் பின்னேரம் நினைவுக்கு வருகிறது. பிஸ்மி சொல்லி, அந்தத் துண்டை எடுத்துச் சாப்பிடுகிறேன்.