அட்டையில் ஒரு குடை

சிலரிடம் எல்லோரும் மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. ஆபத்தில்லாத முகம் வாய்த்தவர்கள் என்பதால். இருபத்து மூன்று வயதில் எனக்கு அப்படி ஒரு முகம் இருந்தது. அதை நம்பி இரண்டு பேரும், நம்பாமலே ஒருத்தியும் மோசம் போனார்கள். அவர்களில் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்றாலும், மன்னிப்புக் கேட்டுவிட்டே தொடங்குகிறேன்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்த புதிது. அங்கிருந்து தென்காசியில் ஓர் அலுவலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை மாற்றியிருந்தார்கள். (எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.) எல்லோரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்துத் தெரியாது. தமிழ்ப் பரீட்சை தேறினால்தான் சம்பளம் உயரும் என்று உத்தரவு வந்ததும், மாலை நேரத்தில் அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடினார்கள். பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

வேலை தற்காலிகம். அந்த அலுவலக அதிகாரி ஒருநாள் வகுப்புக்கு வந்து பார்த்து, நன்றாக நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் நிரந்தரம். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஏலே, இதையும் விட்டுட்டு வந்தேன்னா, புளியங்குடி மண்டியில எலுமிச்சம்பழம் எண்ண அனுப்பிருவேன். பாத்துக்க."

வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்துச் சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து, நரைத்த மனிதர்கள் "அணில், ஆடு, இலை" என்று படிப்பது பரிதாபமாக இருந்தது. தலைமை எழுத்தர் மாதவன் பிள்ளைக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"சாரே, ஞான் எத்தனை வருஷமா ஃபைல் பார்க்கிற ஆளு! எனக்கு அணிலா?"

அந்த ராத்திரி எனக்கு ஒரு யோசனை பிறந்தது. (என் யோசனைகளுக்கு அப்போதே நல்ல பெயர் இல்லை.) குற்றாலத்தில் சீசனுக்கு வந்து தங்கும் பணக்காரக் குடும்பங்கள் பங்களாவில், கூவும் எண்ணைத் தன் சீட்டில் தேடி அடிக்கும் தம்போலா விளையாடுவார்கள். எனக்குத் தொண்டை பெரிது என்பதால் ஒருமுறை எண்களைக் கூவக் கூப்பிட்டிருந்தார்கள். எண்ணுக்குப் பதில் சொல்லை எழுதினால் என்ன? நான் சொல்லைக் கூவ, அவரவர் அட்டையில் தேடிக் கண்டுபிடித்துப் புளியங்கொட்டை வைக்க, முதலில் அட்டை நிறைந்தவர் "வந்தாச்சு!" என்று கத்த வேண்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் பி.ஏ. அல்லவா? சொந்த வாழ்க்கையில் இருக்கும் சொல்தான் மனத்தில் ஒட்டும் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். ஆகவே ஆளுக்கொரு அட்டை, அவரவர் அளவுக்கு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை மைதாப் பசையால் இரண்டிரண்டாக ஒட்டி, ஒன்பது கட்டம் போட்டு, இந்தியன் மையில் அச்சடித்ததுபோல் எழுதினேன்.

"பி.ஏ. படிச்சுப்போட்டு உக்காந்து சீட்டு வெட்டுதான் பாரு" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

சொற்கள் எங்கிருந்து கிடைத்தன? அங்கேதான் என் முகம் வேலை செய்தது.

முதலில் வருவது அட்டெண்டர் தாணு. பெஞ்சைத் தட்டிப் போட்டுக்கொண்டே மனக்குறையைக் கொட்டுவார். அதிகாரியின் மனைவிக்கு ஊறுகாய் போடுவதில் பித்து. பழம் வாங்கப் புளியங்குடிக்கு அனுப்புவது இவரைத்தான். "ஆபீஸ் வேலைன்னு பேரு சாரே. முதுகுல மூட்டை." அவர் அட்டையில் எழுதினேன்: அம்மா, பஸ், புளியங்குடி, எலுமிச்சை, மூட்டை, முதுகு, ஜாடி, ஊறுகாய், தைலம்.

அடுத்து மாதவன் பிள்ளை. சாரல் விழுந்தால் அவருக்கு வயிற்றுவலி வரும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே ஐந்தருவிக்குப் போய்விடுவார். "ஆரிடமும் சொல்லாதே கேட்டோ" என்று அவர் கண்ணடித்தபோது நான் பலமாகத் தலையாட்டினேன். பிறகு எழுதினேன்: வயிற்றுவலி, விடுப்பு, ஐந்தருவி, எண்ணெய், துண்டு, குளியல், பஜ்ஜி, தூக்கம், சுகம்.

மூன்றாவது தட்டச்சர் ராதாமணி. அவள் சீக்கிரம் வருவதும் இல்லை, பேசுவதும் இல்லை. ஜன்னலோரம் உட்காருவாள், முடிந்ததும் செங்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பாள். வேறு வழியில்லாமல் (அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்) கண்ணில் பட்டதை எழுதினேன்: குடை, சாரல், ஜன்னல், பின்னல், மல்லிகை, வளையல், கைக்குட்டை, சிரிப்பு, மௌனம். அட்டையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மௌனம் என்ற சொல்லை நானேதான் எழுதியிருந்தேன் என்பது மறந்துவிட்டது.

விளையாட்டு அமோகமாக நடந்தது. அவரவர் அட்டை அவரவரிடம். நிறைந்தால் என் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும், நான் மட்டும் சரிபார்ப்பேன். "வயிற்றுவலி!" என்று நான் கூவும்போது மாதவன் பிள்ளை எதுவும் தெரியாதவர்போல் புளியங்கொட்டை வைக்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஒரே மாதத்தில் எல்லோரும் எழுத்துக் கூட்டாமல் படித்தார்கள்.

அதிகாரி வந்தார். வாய் நிறைய வெற்றிலை, திருநெல்வேலிப் பேச்சு. இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நல்லாருக்கே வாத்தியாரே! ஆனா இவ்வோ நெசமாவே படிக்காவளா, இல்ல மனப்பாடமா? அட்டையெல்லாம் இங்கன கொண்டாங்க. கலைச்சுக் குடுப்போம்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. (இது உண்மையான வயிற்றுவலி.)

"ஐயா, அது அவங்கவங்க அளவுக்குத் தச்ச சட்டை மாதிரி..."

"சட்டைய மாத்திப் போட்டாத்தானவே அளவு தெரியும்!"

கலைத்தார். கொடுத்தார். சொற்களைச் சீட்டாக எழுதிப் போட்டிருந்த செம்பை என் கையிலிருந்து வாங்கி, தாமே எடுத்துப் படித்தார். நானாக இருந்தால் யாருக்கும் நிறையாதபடி பொய்ச் சொல் கூவியாவது தப்பித்திருப்பேன். போதாததற்கு ஒரு புது விதியும் போட்டார்: ஜெயித்தவர் எழுந்து, ஒன்பது சொல்லையும் வைத்து உரக்க வாக்கியம் சொல்ல வேண்டும்.

"வந்தாச்சு!" என்று எழுந்தவர் மாதவன் பிள்ளை. கையில் தாணுவின் அட்டை. அவருக்கு அது யாருடையது என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் அலுவலகக் குறிப்பு எழுதும் நடை. தொண்டையைக் கனைத்தார்.

"மேற்படி அம்மா அவர்களின் உத்தரவின் பேரில், ஊறுகாய் போடும் பொருட்டு, பஸ் மூலம் புளியங்குடி சென்று, எலுமிச்சை மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றி வந்து, மேற்படி ஜாடி நிரம்பியபின், மேற்படி முதுகுக்குத் தைலம் தேய்க்கப்பட்டது."

அந்த ஊறுகாயை ருசிக்காதவர் அலுவலகத்தில் கிடையாது. தாணு பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினார். எதுவும் விழுந்திருக்கவில்லை.

"எந்த அம்மாவே?" என்றார் அதிகாரி.

"அது அட்டையில் பறயலை சாரே" என்றார் மாதவன் பிள்ளை, கடமை முடிந்த திருப்தியோடு.

அங்கேயே அதிகாரி எழுந்து போயிருக்கலாம். பேச்சை மாற்ற இன்னும் சில சீட்டுகளை எடுத்துப் படித்தார். அதற்குள் ராதாமணி "வந்தாச்சு" என்றாள். அவளிடம் போயிருந்தது மாதவன் பிள்ளையின் அட்டை. அவள் சின்னச் சின்ன வாக்கியமாக, தட்டச்சு அடிப்பதுபோல் சொன்னாள்:

"வயிற்றுவலி வந்தது. விடுப்பு எடுத்தார். ஐந்தருவிக்குப் போனார். எண்ணெய் தேய்த்தார். குளியல் முடிந்தது. பஜ்ஜி தின்றார். துண்டு விரித்தார். தூக்கம் வந்தது. சுகம்."

அந்த விடுப்பில் கையெழுத்துப் போட்டவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டும் அட்டையில் இருந்தது நினைவுக்கு வந்ததும் அதைக் கீழே போட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பக்கம் வயிற்றுவலி, மறு பக்கம் ஊறுகாய். யார் வாயைத் திறந்தாலும் மற்றவர் திறப்பார். அப்படி ஒரு சமாதானத்தை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது தாணு மெதுவாக எழுந்தார்.

"எனக்கும் வந்தாச்சு சாரே." வாக்கியமெல்லாம் அவருக்கு வராது. ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "குடை. சாரல். ஜன்னல். பின்னல். மல்லிகை..." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு தலையாக ஜன்னலோரம் திரும்பியது. கடைசிச் சொல்லை முடித்துவிட்டு, தாணு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கள்ளங்கபடமே இல்லாமல் சொன்னார்:

"இது டைப்பிஸ்ட் அட்டையில்ல. இது வாத்தியாரோட அட்டையாக்கும்!"

ராதாமணி எழுந்து வந்தாள். தாணுவின் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். முதல் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுல ஒரு பிழை இருக்கு சார். குடை என்னோடதில்லை. எங்க அக்காவோடது."

அட்டையை என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குடையை எடுக்கவில்லை. வெளியே நல்ல சாரல்.

அதிகாரியின் குறிப்பு சுருக்கமாக இருந்தது: "வாசிப்பு மிக நன்று. வாத்தியார் தேவையில்லை."

பரீட்சையில் எல்லோரும் தேறினார்கள். தாணுவுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. புளியங்குடிப் பயணம் மட்டும் நின்றது. அதற்குப் பிறகு மாதவன் பிள்ளைக்கு எப்போது வயிற்றுவலி வந்தாலும், முதலில் புளியங்குடிக்குப் போய்விட்டுத்தான் ஐந்தருவிக்குப் போனார் என்று கேள்வி. ராதாமணியை மட்டும் பஸ்ஸில் கொஞ்ச நாள் "குடை எங்கே?" என்று கேட்டுத் தொந்தரவு செய்தார்களாம். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மன்னிப்புக் கேட்க அலுவலக வாசல்வரை போனேன். உள்ளே போகத் தைரியமில்லை. தாணுவிடம் மட்டும் கேட்டேன்.

"சாரமில்லை, பரவாயில்லை. முதுகு வலி போச்சே" என்றார். பிறகு, "ஆனா சாரே, இனி ஞான் உங்ககிட்ட ஒண்ணும் பறயில்ல" என்றார்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். ஒரு வருஷம் புளியங்குடி மண்டியில் எலுமிச்சம்பழம் எண்ணினேன். மூட்டை தூக்கிய முதல் நாள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டபோது தாணுவின் அட்டை முழுசாகப் புரிந்தது. அப்புறம் தூரத்து ஊரில் வாத்தியார் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அணில், ஆடு, இலையைத் தாண்டி நான் ஒரு சொல் கூடச் சொந்தமாகச் சேர்க்கவில்லை.

மேலகரத்தில் பெண் பார்க்கப் போனபோது, அந்த வகுப்பில் இருந்த ஒருவர் பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியாது. காப்பி கொண்டுவந்த பெண், டம்ளரை நீட்டும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, "குடை யாரோடதுன்னு இந்தத் தடவ விசாரிச்சிட்டியளா?" என்றாள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இன்றுவரை இதுதான் வழக்கு. பேத்தி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், மருமகன் ஏன் அவசரமாகக் கிளம்பினார் என்று நான் காரணம் சொல்லத் தொடங்கினால் போதும். "குடை அக்காளோடது!" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். சின்னக் குழந்தைகள்கூடச் சொல்கின்றன.

போன சீசனில், மழை பெய்து வேலையற்று இருந்த ஒரு மத்தியானம், ரோஷம் வந்து என் மனைவிக்கே ஓர் அட்டை செய்தேன். ஒன்பது கட்டம். இத்தனை வருஷம் கூடவே இருந்தவன், தப்பாகுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். புளியங்கொட்டை டப்பாவை எடுத்துவந்தாள். "பல்வலி" மேல் ஒன்று வைத்தாள். கொஞ்சம் யோசித்து, "சாரல்" மேல் ஒன்று வைத்தாள். டப்பாவை மூடிவிட்டாள்.

"மத்த ஏழும்?" என்றேன்.

"அக்காளோடது."

"அப்போ உன்னோடது என்னதான்? சொல்லேன், எழுதிக்கிடுதேன்."

"சொல்லமாட்டேன்" என்றாள். "சொன்னா அட்டையில போட்டுருவிய."