தேவாங்கு ஜீப்புக்குப் பெரிய என்ஜின் போட்ட கதை

ஒரு காட்டில் ஒரு ஜீப் இருந்தது. சிங்கமும் இருந்தது; ஆனால் அது காலையிலிருந்து மீட்டிங்கில் இருந்ததால் இந்தக் கதைக்கு வர முடியவில்லை. நரி நீண்ட விடுப்பில் இருந்தது. ஆகவே ஜீப்பையும் அதை ஓட்டிய தேவாங்கையும் வைத்துத்தான் நாம் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

தேவாங்கின் பெயர் ஒச்சப்பன். தேவாங்கு பகலில் தூங்கும் பிராணி என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்படித் தூங்குவது பர்மிட் வாங்காத தேவாங்கு. ஒச்சப்பன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விடிந்தும் விடியாமலும் எழுந்து, அடிவாரத்திலிருந்து மேல்காட்டுச் சந்தைக்கு ஜீப் ஓட்டியது. ஒரு நடைக்கு இருபது பேர். ஒரு ஜீப்பில் இருபது பேரா, அதிலும் ஒரு காட்டெருமையா என்று கேட்பவர்கள் மலையோரத்தில் சந்தைக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

ஜீப்புக்கு ஒச்சப்பனைவிட வயது அதிகம். காடு மேடெல்லாம் ஏறுவதற்கென்றே செய்த வண்டிதான். ஆனால் முன் சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டை முந்தைய முதலாளியே கழற்றி வீட்டுக் கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டது. மிச்சமிருந்த என்ஜின் சமவெளியில் ஓடும். இறக்கத்தில் பிரமாதமாக ஓடும். வழியில் மூச்சுமுட்டி மேடு என்று ஒன்று இருந்தது. அங்கே வந்ததும் இரண்டு முறை இருமி, ஒரு முறை பெருமூச்சு விட்டு நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

"இதுக்கு நடந்தே போயிருக்கலாம்" என்று காட்டெருமை சடையாண்டி தோளைக் கொடுத்தபடியே சொல்லும்.

"தேவாங்கு வாங்குன வண்டி வேற எப்படி இருக்கும்?" என்று முள்ளம்பன்றி வீரணன் பின்னாலிருந்து சொல்லும்.

மேட்டின் உச்சியில் மரநாய் குருவம்மா காபிக்கடை வைத்திருந்தது. "வாங்க வாங்க, இன்னைக்கும் தள்ளுனீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பை ஊதும். அந்தக் கடைக் காபிக்கு எட்டு மலைக்கும் பெயர் உண்டு. கொட்டை எப்படிப் பக்குவப்படுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தள்ளி வந்த களைப்பில் எல்லோரும் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்து, ஒச்சப்பனைத் திட்டி முடித்துவிட்டுத்தான் மறுபடி வண்டி ஏறுவார்கள்.

ஒச்சப்பன் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதற்குச் சோறு இறங்காது.

இந்த நிலையில் பர்மிட் புதுப்பிக்கும் காலம் வந்தது. அலுவலகத்தில் கொக்கு குமாஸ்தா ஒற்றைக் காலில் நின்றபடி படிவத்தை நீட்டியது.

"இருபது பயணிகள், 'இந்த வண்டி எங்களுக்கு வேண்டும்'னு கால்தடம் வைக்கணும். ஆடி முடியறதுக்குள்ள கொண்டாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் ரூட்டு காட்டுப்பன்றியோட புது வேனுக்குப் போயிரும்."

"சார், போன தடவை இதெல்லாம் இல்லையே?"

"போன தடவை நான் இந்த சீட்டுல இல்லை" என்றது கொக்கு. அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

வாரா வாரம் திட்டுகிறவர்கள் கால்தடம் வைப்பார்களா? அந்த ரூட்டை விட்டால் ஒச்சப்பனுக்கு வேறு பிழைப்பு இல்லை. இதற்கு ஒரே வழி, மூச்சுமுட்டி மேட்டில் ஒருத்தரும் இறங்காதபடி வண்டியை ஏற்றுவது. அதற்குப் பெரிய என்ஜின் வேண்டும்.

ஒச்சப்பனுக்கு டயர் மாற்றத் தெரியும், பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியும். என்ஜின் வேலையில் அதன் படிப்பு அத்தோடு முடிந்தது. ஆனால் கையில் செல்போன் இருந்தது. அதில் ஒரு வெளிநாட்டு உராங்குட்டான், பழைய ஜீப்பின் என்ஜினைக் கழற்றிவிட்டு லாரி என்ஜினைப் பொருத்திக் காட்டி, கடைசியில் கட்டைவிரலை உயர்த்தியது.

"பதினோரு நிமிசந்தான் செவனம்மா" என்று ஒச்சப்பன் தன் மனைவியிடம் சொன்னது.

"வீடியோ பதினோரு நிமிசம். வேலை எம்புட்டு நேரம்னு அது சொல்லுச்சா?" என்று கேட்டது செவனம்மா.

சொல்லவில்லை. ஒச்சப்பனுக்கு இரண்டு மாதம் ஆனது.

பள்ளத்தில் உருண்ட ஒரு லாரியின் என்ஜின் பழைய இரும்புக்கடையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, பலா மரக்கிளையில் சங்கிலி கட்டித் தூக்கி ஜீப்புக்குள் இறக்கினால், பாதிதான் உள்ளே போனது. ரேடியேட்டரை முன்னால் நகர்த்தினால் பானெட் மூடவில்லை. பானெட்டில் ஓட்டை போட்டால், அதற்குள் எட்டிப் பார்த்த ஒரு சிட்டுக்குருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தது. என்ஜினின் துளைகளும் கியர்பாக்சின் துளைகளும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. நடுவில் ஒரு கனத்த தகட்டை அறுத்து வைத்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் துளை போட்டு, சமாதானம் செய்து வைப்பதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. முன்பக்கம் கனம் தாங்காமல் ஜீப் தரையை முகர்ந்தது. அதற்கு ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது. ஒரு நட்டைக் கழற்ற ஒச்சப்பனுக்கு ஒரு காலைப்பொழுது ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஒல்லிக் கை நுழையாத சந்து அந்த வண்டியில் கிடையாது.

"இழுக்குறதுக்குப் பெருசாப் போட்டாச்சு. நிறுத்துறதுக்கு?" என்று செவனம்மா கேட்டது.

அது வீடியோவில் இல்லை. ஒச்சப்பன் கொஞ்ச நேரம் மனைவியை முறைத்தது. பிறகு போய் பிரேக்கையும் மாற்றியது.

எல்லாம் முடிந்தபோது டப்பாவில் ஏழு போல்ட்டு மிச்சமிருந்தது. எங்கிருந்து கழற்றியது என்று ஒன்றைப் பற்றியும் ஞாபகமில்லை. வண்டி செய்தவர்கள் தாராளமாகப் போட்டிருப்பார்கள் என்று ஒச்சப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டப்பாவை மூடியது. சாவியைத் திருப்பியது. என்ஜின் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் விழுந்தது. ஒச்சப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது. தன் கையால் இப்படி ஒரு காரியம் நடக்கும் என்று அது நினைத்ததே இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை. மூச்சுமுட்டி மேட்டில் ஜீப் நிற்கவில்லை. இருமவில்லை. குருவம்மா அடுப்பை ஊதிவிட்டு நிமிர்வதற்குள் புழுதி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஒச்சப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்தது. யாராவது கைதட்டுவார்கள் என்று ஒரு நப்பாசை. இருபது முகமும் எழவு வீட்டுக்குப் போவது போல் இருந்தன.

"என்னப்பா, நிப்பாட்டவே இல்லை?" என்றது சடையாண்டி.

"தேவையில்லைண்ணே! புது என்ஜினு!"

"ஓகோ" என்றது சடையாண்டி.

சந்தைக்கு ரொம்ப சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு கடையும் திறக்கவில்லை. வெயில் ஏறும்வரை எல்லோரும் மூடிய கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வாரத்தில் சண்டை தொடங்கியது. முன்பெல்லாம் சடையாண்டி மூன்று பேர் இடத்தில் உட்கார்ந்து வந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தள்ளும்போது அதுதானே முதல் தோள்? இப்போது ஒரு மிளா மான் முகத்துக்கு நேராகவே, "கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்களேன், நீங்க மட்டுமா டிக்கெட்டு எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டது. வீரணன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முன்பு பாதி வழியில் இறங்கி முள்ளைப் பிடுங்கிக்கொள்வார்கள். இப்போது சந்தைவரை குத்து வாங்க வேண்டியிருந்தது. குருவம்மா காபிக்கடையில் பால் திரிந்துபோனது. யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்ற சேதிகூட ஒருவருக்கும் தெரியாமல் போனது. அதெல்லாம் அந்த மேட்டில் டம்ளரும் கையுமாகப் பேசுகிற விஷயங்கள்.

ஆடி முடிய நான்கு நாள் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வண்டியை எடுப்பதற்கு முன், ஒச்சப்பன் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய் நின்றது.

"கால்ல சேத்துப்புண்ணுப்பா" என்றது சடையாண்டி.

"எங்கம்மாவைக் கேக்கணும்" என்றது மிளா.

வீரணன் நேர்மையான பிராணி. "அந்தப் பழைய வண்டின்னா வச்சிருப்பேன்" என்றது. "அது நம்ம வண்டி. இது ஒன் வண்டி. ஒன் வண்டிக்கு நான் எதுக்குக் கால்தடம் வைக்கணும்?"

ஒரு தடம்கூட விழவில்லை. திட்டுகிறார்களே என்றுதானே ஒச்சப்பன் இரண்டு மாதம் கிரீசில் குளித்தது? இப்போது ஒருத்தரும் திட்டவில்லை. ஒருத்தருக்கும் வேண்டவும் வேண்டாம். படிவத்தை மடித்து ஸ்டியரிங்குக்கு மேலே சொருகிவிட்டு வண்டியைக் கிளப்பியது. கடைசி நடை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது.

அந்த ஏழு போல்ட்டில் ஒன்று, ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டு. அது இல்லாத கேபிள் இத்தனை நாள் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு, மூச்சுமுட்டி மேட்டின் நடுவில் கழன்றுகொண்டது. ஜீப் ஒரு முறை குலுங்கி நின்றது.

வண்டிக்குள் இருபது முகமும் மலர்ந்தன.

"நின்னுருச்சு!" என்றது வீரணன்.

"சொன்னேன்ல? லாரி இஞ்சினாவது, கீரி இஞ்சினாவது! எறங்குங்கப்பா எல்லாரும்!" சடையாண்டியின் சேத்துப்புண் போன இடம் தெரியவில்லை. அதுதான் முதலில் குதித்தது. "ஒச்சப்பா, நீ உள்ள உக்காரு. நாங்க பாத்துக்குறோம்."

மழை பெய்து ஓய்ந்திருந்த மண். எல்லோரும் பின்னால் தோள் கொடுத்தார்கள். வீரணனை மட்டும் கடைசியில் நிறுத்தினார்கள். அது பழைய அனுபவம். ஒச்சப்பன் பானெட் ஓட்டைக்குள் ஒல்லிக் கையை விட்டு, கேபிளைத் தடவிப் பிடித்து, அவசரத்தில் இழுத்து மாட்டியது. பதற்றத்தில் அதை முழு இழுப்பில் மாட்டிவிட்டதை அது கவனிக்கவில்லை. உட்கார்ந்து சாவியைத் திருப்பி, கிளட்சை விட்டது.

"ஏய் தள்ளு!" என்று சடையாண்டி கத்தியதும் லாரி என்ஜின் உறுமியதும் ஒரே நேரம். ஜீப் பாய்ந்த பாய்ச்சலில், கண் இமைப்பதற்குள் குருவம்மா கடை வாசலில் நின்றது. செவனம்மா சொல்லி மாற்றிய பிரேக் இல்லாவிட்டால் கடைக்குள்ளேயே நின்றிருக்கும். தோள் கொடுத்திருந்த இருபது பேரும், கொடுக்க வண்டி இல்லாமல், வரிசையாகச் சேற்றில் குப்புற விழுந்தார்கள்.

ஒச்சப்பன் என்ஜினை அணைத்தது. கதை முடிந்தது என்று நினைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று, படிவத்தையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடியது. அந்தப் படிவத்தை அவர்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிடலாம் என்றுகூட ஓர் எண்ணம்.

சடையாண்டி சேற்றிலிருந்து மெல்ல எழுந்தது. மூக்கு, கொம்பு எல்லாம் மண். மேலே தூரத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தது. தன் தோளைப் பார்த்தது.

"ஏ... பாத்தீங்களாப்பா!" என்றது. "என்னா தள்ளு!"

"ஒரே தள்ளு!" என்றது வீரணன். "பழைய வண்டியக்கூட இப்படித் தள்ளுனதில்லை!"

"அண்ணே, வந்து... அது என்ஜின்தான்..." என்று ஒச்சப்பன் ஆரம்பித்தது.

"இஞ்சினு கெடக்குது. இம்புட்டுக் கனத்தையும் ஏத்திட்டோம்ல? நாங்க இல்லேன்னா என்னப்பா பண்ணிருப்ப நீ?"

ஒச்சப்பன் வாயைத் திறந்தது. சடையாண்டியின் காலைப் பார்த்தது. நல்ல கெட்டியான, பதிவதற்கென்றே பூசியது போன்ற சேறு. கையிலிருந்த படிவத்தைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

"ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுண்ணே" என்றது.

அடுத்த நிமிடம் இருபது கால்தடமும் விழுந்தன. மிளா தன் அம்மாவைக் கேட்காமலே வைத்தது. வீரணன் இரண்டு வைக்கப் பார்த்தது. குருவம்மா கடையில் அன்றைக்கு இரண்டாம் தரம் பால் வாங்கிவர ஆள் அனுப்பினார்கள்.

கொக்கு குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'மேடு ஏறும் முறை' என்ற கட்டத்தில் 'பொதுமக்கள் ஒத்துழைப்புடன்' என்று தானே எழுதி, முத்திரை குத்தியது.

"பர்மிட்டு வந்துருச்சுல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டது செவனம்மா.

"அம்புட்டும் என் கையால போட்டது செவனம்மா. காட்டுல ஒருத்தருக்கும் தெரியலையே."

"எனக்குத் தெரியும்ல?" என்றது செவனம்மா. கொஞ்சம் யோசித்து, "ஏழு போல்ட்டு மிச்சம் வச்சதும் தெரியும்" என்றது.

அன்றைக்குச் சோறு இறங்கியது.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூச்சுமுட்டி மேடு வந்ததும் ஒச்சப்பன் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு, "ஏறலையேண்ணே" என்று பரிதாபமாகச் சொல்லும். எல்லோரும் வாய் நிறையத் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். அவர்கள் தோள் கொடுத்ததும் என்ஜினைக் கிளப்பி, மெல்ல, பார்த்துப் பார்த்து, தள்ளுகிற வேகத்துக்கு ஓட்டிக் கொண்டுபோவது பெரிய வித்தை. அதை எந்த வீடியோவிலும் பார்க்க முடியாது.

ஒரு வருஷம் கழித்து, சடையாண்டி காபியை உறிஞ்சிக்கொண்டே பானெட்டின் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தது. உரிமையோடு ஒச்சப்பன் தோளில் கை போட்டது.

"ஒச்சப்பா, ஒரு விசயம் சொல்றேன், கேளு. இந்த இஞ்சினக் கழட்டிப் போட்டுரு. கனம் கொறஞ்சா இன்னும் லேசாத் தள்ளிருவோம்."

"யோசிக்கிறேண்ணே" என்றது ஒச்சப்பன்.

நீதி: பெரிய என்ஜின் வைத்திருப்பவர்கள் மேடு வந்தால் அதை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் தள்ளுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களிடம்தான் கால்தடம் இருக்கிறது.