ராட்சதன் முதுகில் ஒரு ஜிப்

இந்த வீட்டில் இனி தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் மைத்துனன் இருக்க வேண்டும் என்று பூதக்கண்ணாடி முடிவு செய்துவிட்டார். எடுத்த முடிவை உடனே மனைவியிடம் சொல்லவில்லை. முதலில் குளியலறைக் கண்ணாடியிடம் உரக்கச் சொல்லிப் பார்த்தார். அது எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் வெளியே வந்தார்.

பூதக்கண்ணாடி என்பது தெருவே சேர்ந்து வைத்த பட்டப்பெயர். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி விற்கும் கடை அவருடையது. ஆனால் பெயர் கடையால் வரவில்லை, பொழுதுபோக்கால் வந்தது. கையில் காசே இல்லாமல் எடுக்கிறார்களே ராட்சத ஜந்துப் படங்கள், அவற்றைத் தேடித் தேடிப் பார்ப்பார். ரசிப்பதற்கு அல்ல, குறை கண்டுபிடிப்பதற்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவார். ஜந்துவின் காலில் ரப்பர் செருப்பு, கையில் கடிகாரம், முதுகில் ஜிப் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். இப்படிப் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் நிரம்பியிருந்தன. ஒவ்வொரு குறையும் தன்னை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்டதாக அவருக்கு ஒரு எண்ணம். அதனால் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும். கொதிக்காத ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிடிக்காது.

இந்தத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது மாடி அறையில். அவருடைய சாய்வு நாற்காலி, அவருடைய திரை, அவருடைய நோட்டுகள் எல்லாம் அங்கேதான். எட்டு மாதத்துக்கு முன், மனைவியின் தம்பி இரண்டு நாள் தங்குவதாகச் சொல்லி ஒரு பையுடன் வந்தான். அந்தப் பை குட்டி போட்டது. இப்போது அறை முழுக்க ஸ்பாஞ்சு, ரப்பர், பொய் முடி. பையன் படம் எடுக்கிறானாம். என்ன படம் என்று கேட்டதற்கு, "சாக்கடை ராட்சதன், அத்தான்," என்றான். பூதக்கண்ணாடிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டியது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதே!

சாய்வு நாற்காலி போனதால் ஞாயிறு மத்தியானத் தூக்கம் கீழே கூடத்து சோபாவுக்கு வந்துவிட்டது. நீளம் போதாத சோபா. தலையை வைத்தால் கால் வெளியே, காலை வைத்தால் தலை வெளியே. காலை வெளியே விட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்.

மனைவி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

"உன் தம்பி எப்ப கிளம்பறான்?"

"எங்கங்க?"

"எங்கயாவது."

"படம் முடிஞ்சுடுச்சுங்க. அடுத்ததுக்குக் கதை யோசிக்கிறான்."

"அடுத்ததா! அவன் மாடிப்படியில போட்டிருந்த வால் தடுக்கித்தானே நான் விழுந்தேன்? மூணு வாரமாச்சு, கால் கட்டை விரல்ல போட்ட கட்டு இன்னும் பிரிக்கல. பாரு!"

பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கட்டுப் போட்டவளே அவள்தான். எதைக் கட்டினாலும் நுனியில் அழகாக ஒரு பூ முடிச்சுப் போடுவது அவள் கைப்பழக்கம். திரைச்சீலைக்கும் அதே முடிச்சு, புருஷன் கால் விரலுக்கும் அதே முடிச்சு.

"அவன் போகணும். அவ்வளவுதான்," என்றார்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். இது நல்ல சகுனம் அல்ல என்று முப்பது வருஷ அனுபவம் அவரிடம் சொன்னது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி, ஒரு பந்தயம் வச்சுக்கலாமா? குறை கண்டுபிடிக்கிறதுல நீங்க புலி. அவன் படத்துல இருக்கிறதுலயே பெரிய குறை எதுன்னு நான் ஒரு தாள்ல எழுதி, உறையில போட்டு ஒட்டி, எதிர்வீட்டு நர்ஸம்மாகிட்ட குடுத்துடறேன். ஞாயித்துக்கிழமை படம் பாருங்க. அதை நீங்க சொல்லிட்டா, அன்னிக்கே அவன் மூட்டையைக் கட்டுவான்."

"சொல்லலைன்னா?"

"அடுத்த படம் முடியற வரைக்கும் மாடி அறை அவனுக்கு. நீங்க மூச்சு விடக் கூடாது."

"எத்தனை குறை வேணும்னாலும் சொல்லலாமா?"

"நூறு கூட சொல்லுங்க."

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் இவளுக்குத் தன் திறமை தெரியவில்லையே என்று மனைவிக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டார். மாடி அறையில் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பது வரைக்கும் அன்றே தீர்மானித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்துச் சன்னல்களை எல்லாம் கனத்த திரை போட்டு மறைத்தாயிற்று. நடுவராக எதிர்வீட்டு நர்ஸம்மா உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்தால் யாருக்கும் பயப்படமாட்டார். பூதக்கண்ணாடி பன்னிரண்டாவது நோட்டைத் திறந்தார். கட்டுப் போட்ட காலைத் தூக்கி முக்காலி மேல் வைத்துக்கொண்டார். மைத்துனன் படத்தைப் போட்டான்.

அரை நிமிஷம் ஆகவில்லை.

"நிறுத்து! ஜிப்!"

"அது முதுகெலும்பு அத்தான்."

"முதுகெலும்பைப் பாதி திறந்து வச்சிருக்கியேடா! உள்ள பனியன் தெரியுது!"

"ஒண்ணு," என்று நர்ஸம்மா விரலை மடக்கினார்.

"ஏன் படம் முழுக்க ஒரே பச்சை?"

"அது திகில் அத்தான்."

"திகில் இல்ல, அழுக்கை மறைக்க அடிச்ச சாயம். சரி, இந்த ஜந்து எங்கேர்ந்து எழுந்து வருது?"

"பெரிய ஏரியிலேர்ந்து."

"ஏரியில ஏன்டா சோப்பு டப்பா மிதக்குது?"

சோப்பு டப்பாவைப் பார்த்தவர், அது எந்தத் தொட்டியில் மிதந்தது என்று பார்க்கவில்லை. அது அவர் தினமும் குளிக்கிற தொட்டி.

"ஜந்துக்கு நகம் எதுல பண்ணின? துணி காயப்போடற கிளிப்தானே? இந்தப் பொண்ணு எத்தனை தடவைடா அதே கதவைத் தாண்டி ஓடும்?"

"பெரிய பங்களா அத்தான். நிறையக் கதவு."

"எல்லாக் கதவுலயும் ஒரே கீறலா? உள்ள நுழையும்போது வெயில், சன்னல்ல நிலா. அதுவும் நிலாவுல கைப்பிடி இருக்கு. அது பாத்திர மூடிடா, மூடி! வாலைப் பாரு, யாரோ கயிறு கட்டி இழுக்கறாங்க. கயிறு தெரியுது, இழுக்கற கையும் தெரியுது. கையில வளையல் வேற!"

மனைவி தன் வளையலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி அதைக் கவனிக்கவில்லை. நோட்டில் அடுத்த வரி எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குறைக்கும் அவர் குரல் ஒரு படி ஏறியது. இவ்வளவு அலட்சியமாக ஒருத்தன் வேலை செய்யலாமா? தன் கடையில் ஒரு கண்ணாடியின் பவர் கால் புள்ளி மாறிப்போனால்கூட மூன்று நாள் தூக்கம் வராதே!

நர்ஸம்மா முப்பத்தாறு எண்ணியபோது ஜந்து முதல் தடவையாக உறுமியது. அடிவயிற்றில் ஆரம்பித்து, தொண்டையில் உருண்டு, மூக்கில் ஒரு விசிலோடு முடிகிற உறுமல். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூதக்கண்ணாடி எழுதுவதை நிறுத்தினார்.

"இது... இது மட்டும் அசல்," என்றார் மெதுவாக. "எந்த மிருகம்டா இது?"

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வயசான மிருகம் அத்தான். ஒரு வீட்டுல வளக்கறாங்க."

"அதானே பாத்தேன். என்ன ஒரு கம்பீரம்! படத்துல உருப்படியா ஒண்ணு இருக்குன்னா இதுதான். எழுதிக்கோங்க நர்ஸம்மா, நான் நியாயமானவன்."

"எழுதிக்கிட்டேன்," என்று சொன்ன நர்ஸம்மாவுக்கு ஏனோ இருமல் வந்தது.

அடுத்த காட்சியில் ஜந்து ஒரு ஆளைக் கொன்று போட்டிருந்தது. கறுப்புத் துணி விரித்த மேடையில் பிணம் கிடந்தது. முகத்தில் ஒரு துணி. கழுத்துப் பக்கம் சிவப்புச் சாயம். பிணத்தைச் சுற்றி மெழுகுவர்த்திகள். பூதக்கண்ணாடி நாற்காலியின் நுனிக்கு வந்தார். வந்தவர் வெடித்தார்.

"மூச்சு விடுது! பிணம் மூச்சு விடுது! தொப்பை ஏறி ஏறி இறங்குது பாருங்க! நர்ஸம்மா, நீங்களே சொல்லுங்க."

"நாடி பாக்காமலே சொல்றேன். ஆளுக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கார்."

"என்ன தொப்பைடா இது! ஜந்து இவனைத் தின்னுச்சா, இவன் ஜந்துவைத் தின்னானா? ஐயோ, இப்ப காதைச் சொறியறான்! செத்தவன் காதைச் சொறியறான்! எங்கேருந்துடா இந்தத் தடியனைப் பிடிச்ச? இவனையெல்லாம் படத்துல போடறதுக்குப் பதிலா ஒரு தலையணையை வச்சிருக்கலாம். அதுவாவது சும்மா கிடக்கும்!"

"கேட்ட உடனே ஒத்துக்கிட்டாரு அத்தான்," என்று முனகினான் மைத்துனன்.

"ஜந்து கடிச்சது கழுத்துல. கால் விரல்ல எதுக்குக் கட்டு? அதுல பூ முடிச்சு வேற! செத்துப்போறவன் அலங்காரம் பண்ணிக்கிட்டா சாவான்?"

நர்ஸம்மா முக்காலியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி முக்காலியைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். தன் நகைச்சுவையை ரசிக்கிறார் என்று பூதக்கண்ணாடிக்குப் பெருமையாக இருந்தது.

படம் முடிந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு குறைகள். அவர் நோட்டை மூடி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதானாவா? ஐம்பத்திரண்டு!"

"வேற ஒண்ணும் இல்லையே? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன இருக்கு? என் கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு போகாது. உறையைப் பிரிங்க நர்ஸம்மா. தம்பி, போய்ப் பெட்டியைக் கட்டு."

நர்ஸம்மா உறையைப் பிரித்துப் படித்தார். "கொன்ற ஜந்துவும் செத்த ஆளும் ஒரே ஆள். அது அந்த ஆளுக்கே தெரியாது."

"என்ன இது, விடுகதையா?"

மனைவி தம்பியிடம் சைகை காட்டினாள். திரையில் பிணத்தின் கால் வந்து நின்றது. அவள் எழுந்து வந்து, முக்காலி மேல் இருந்த புருஷனின் கால் விரலை, பூ முடிச்சோடு, லேசாகத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பூதக்கண்ணாடி தன் காலைப் பார்த்தார். திரையில் இருந்த காலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உறுமலையும் முழுசாப் போடுடா," என்றாள் அவள். மைத்துனன் வெட்டாத ஒலிப்பதிவைப் போட்டான். அதே கம்பீரம், அதே உருட்டல், அதே மூக்கு விசில். கடைசியில் தூக்கத்தில் குழறுகிற ஒரு குரல்: "ஜிப்பு... ஜிப்பு தெரியுது..."

அவர் அந்த இடத்திலேயே சுருங்கிப்போனார். தடியன் என்று திட்டியதும் தன்னைத்தான், கம்பீரம் என்று பாராட்டியதும் தன்னைத்தான். எதை நினைத்து அதிகமாக வெட்கப்படுவது என்றே அவருக்குப் புரியவில்லை.

"இது அநியாயம்! தூங்கற மனுஷனைக் கேக்காம படம் பிடிக்கலாமா?"

"கேட்டேனே," என்றாள் மனைவி. "'உங்களை வச்சு ஒரு காட்சி எடுத்துக்கட்டுமா'ன்னு. 'ம்'னு சொன்னீங்க."

"தூக்கத்துல சொன்னதெல்லாம் ஒரு சம்மதமா?"

"முழிச்சிருக்கும்போது நான் எது கேட்டாலும் அதே 'ம்'தானே சொல்றீங்க? கூடத்துக்குப் புதுத் திரை தச்சேன், எப்படி இருக்குன்னு கேட்டேன், 'ம்'. ஊர்ல இருக்கிற ஜந்துவோட முதுகெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. சொந்த வீட்டுக் கூடம் தெரியல, கதவு தெரியல, என் வளையல் தெரியல, உங்க காலே உங்களுக்குத் தெரியல."

ஐம்பத்திரண்டு குறைகள் எழுதிய நோட்டில் இந்தக் குறை இல்லை. நிஜமாகவே அவருக்கு உள்ளே சுருக்கென்றது. சன்னல்களைப் பார்த்தார். திரைகள் புதிதாக, நீலக் கரையோடு, உண்மையில் மிக அழகாக இருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நர்ஸம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"மாடி அறை தம்பிக்கு. அப்புறம், தம்பி, பிணத்தை மாத்திடாதே. அவர் நடிப்பு எனக்குப் பிடிச்சிருக்கு."

அன்று மாலையே பூதக்கண்ணாடி மறுபடி குளியலறைக் கண்ணாடியிடம் போனார். இனி அந்த சோபாவில் படுப்பதே இல்லை என்று சத்தியம் செய்தார். சத்தியம் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கழுத்து வலித்தது. மாடிப்படியில் சாய்ந்து பார்த்தார். இடுப்பு வலித்தது. சும்மா ஐந்து நிமிஷம், கண்ணை மூடாமல் படுக்கலாம் என்று சோபாவுக்கு வந்தார். காலை வெளியே விட்டார். வெளிச்சம் கூசியதால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

கண் சொக்கும் நேரத்தில் படியில் எதுவோ சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. வால். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். நினைப்போடு சரி. யாரோ கால் விரலில் முடிச்சை அவிழ்த்து, அழகாகத் திரும்பக் கட்டினார்கள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு காதருகே மெல்லிய குரல்.

"என்னங்க, இந்தத் தடவை மூச்சை மட்டும் கொஞ்சம் கம்மியா விடுங்க."

"ம்," என்றார் பூதக்கண்ணாடி.