காட்டுப்பாக்கத்தில் எழுந்த தீவுகள்

காட்டுப்பாக்கம்,
18-11-1985

அன்பு மாப்பிள்ளை ரகுநாதன் அவர்களுக்கு மாமனார் உத்தமனின் ஆசிகள். இங்கு மழையைத் தவிர மற்றெல்லாம் சௌக்கியம். ஹைதராபாத்தில் தங்கள் சௌக்கியத்துக்காக மகள் பத்மா தினமும் விளக்கேற்றுகிறாள்.

நிற்க, மாடிப்படிக்கு அடியில் தாங்கள் வைத்துவிட்டுப் போன மூன்று கோணிப்பை விஷயம். இருநூற்றெழுபது கோடி வருஷத்துக்கு முந்திய கடல் தரை, அது அமிழ்ந்த இடத்தில் வில்போல் வரிசையாகக் கிளம்பிய எரிமலைத் தீவுகள், எல்லாம் அந்த இருபத்துமூன்று கல்லில் இருப்பதாகச் சொன்னீர்கள். பெயிண்டில் போட்ட எண் அழிந்தால் எந்தக் கல்லை எங்கே எடுத்தது என்று தெரியாது, தை மாதம் டாக்டர் பட்டமும் கிடைக்காது என்றும் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை. ஆனால் போன வாரம் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. "வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் கல்லு போடுங்க, எல்லா ஊட்லயும் போட்டுட்டாங்க" என்றாள் தங்கள் மாமியார். செங்கல் போட்டேன், சேற்றில் புதைந்தது. பிறகுதான் கோணிப்பையைத் திறந்தேன். சாக்கடையைச் சுற்றிப் போட்டதால் வரிசையும் வில்போல் வளைந்தது. தாங்கள் படம் போட்டுக் காட்டியது அப்போதுதான் முழுசாக விளங்கியது. மூன்றாம் நாள் ஒன்பதாம் எண், எட்டாம் எண்ணுக்கு அடியில் மெல்ல அமிழ்ந்ததையும் கண்ணால் பார்த்தேன்.

தண்ணீர் வடிந்ததும் கழுவிப் பார்த்தால் கல் எல்லாம் இருக்கிறது, எண் ஒன்றுகூட இல்லை. தெருவே நடந்து தேய்த்துவிட்டது. பத்மா ஒவ்வொரு கல்லாகப் புரட்டி எண்ணைத் தேடினாள். அந்நேரம் பால்காரம்மா கன்னியம்மா வந்து வெறுங்காலால் ஒரு கல்லை மிதித்தாள். "இது பதினொன்னு நைனா. தலகாணி கணக்கா உருண்டுகினு கீதே, ஒரு பக்கமா ஆடும். தெனம் பால் கேனோட மிதிச்சவளுக்குத் தெரியாதா?" கடலுக்கடியில் எரிமலைக் குழம்பு தலையணையாக உறைந்தது என்று தாங்கள் காட்டிய அதே கல். உடனே தெருவிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். எட்டுக்கும் பத்தொன்பதுக்கும் தகராறு வந்தது, எதிர்வீட்டு ஜம்புலிங்கம் இரண்டு தடவை ஏறி இறங்கித் தீர்த்துவைத்தார். இன்று காலை இருபத்துமூன்று கல்லிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டேன். இனி அவை வாசற்படி தாண்டாது. நிம்மதியாகப் படியுங்கள்.

தீர்க்காயுளும் பட்டமும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
உத்தமன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மறுபடி மழை. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க வேறு வழியில்லாமல் கற்களை மறுபடி தெருவில் இறக்கினேன். பெயிண்ட் காயவில்லை. எண்கள் இப்போது மிதித்தவர்களின் உள்ளங்காலில் இருக்கின்றன, பதினொன்று கன்னியம்மாவிடம். தாங்கள் வரும்வரை யாரும் காலைக் கழுவ வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.