நாச்சிமுத்து அய்யாவின் மரணத்தை நான் உறுதி செய்த கதை

ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்காக எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

சேலத்தில் ஓர் இணையச் செய்தித் தளத்தில் 'மெய்யா பொய்யா' என்ற பகுதியை அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை விசாரித்து 'உண்மை', 'பொய்', 'பாதி உண்மை' என்று ஏதாவது ஒரு முத்திரையைக் குத்த வேண்டும். என் பெயருக்குக் கீழே 'சரிபார்ப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். (ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அம்மா கோயில் வாசலில் நின்று, "ஸ்டெல்லாவுக்கு ஆடிட்டர் மாதிரி வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.)

ஒருநாள் இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன. முதல் செய்தி: 'திருச்செங்கோடு அருகே பயங்கரம். சொத்துக்காகத் தந்தையின் மூச்சுக் குழாயைப் பிடுங்கிய மகள்.' இரண்டாவது: 'டாக்டர்கள் கைவிட்ட முதியவர் வீட்டுக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்ட அதிசயம்.' இரண்டிலும் ஒரே முதியவர், ஒரே புகைப்படம். ஒன்றில் அவர் இறந்துவிட்டார், இன்னொன்றில் வெங்காயத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆசிரியர் சேகர் சார் என்னைக் கூப்பிட்டு, இது ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினை, நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றார். நான் அதற்கு மேலேயே போனேன். கிளம்புமுன் தொலைபேசியில் ஒரு சாட்சியைப் பிடித்தேன்.

புகைப்படத்தில் முதியவருக்குப் பின்னால் ஒரு ரிக் லாரி நின்றது. போர்வெல் போடும் லாரி. அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் பெரியவருடைய ரிக் ஆபீஸ் மேனேஜர். செய்தியாளர் என்று சொன்னால் யாரும் பேசமாட்டார்கள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, சொந்தக்காரப் பெண் போலக் குரலை இறக்கி, "பெரியவருக்கு எல்லாம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"நேத்தே முடிஞ்சுதுங்க. நல்லபடியா ஊட்டுக்குக் கொண்டாந்தாச்சுங்க" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி வேலையெல்லாம் முடிந்து, ஆளை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று என்றுதான் அந்த மனிதர் சொன்னார். நான் மனதுக்குள் 'மரணம்: உறுதி' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்து என் மாறுவேடத் திட்டம். துக்கம் கேட்க வந்தவள் போல உள்ளே போனால் சுற்றியிருப்பவர்கள் தாங்களாகவே பேசுவார்கள், உண்மை தானாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். அம்மாவின் வெளிர்நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பூக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மாலையை எடுத்தபடி, "சாவுக்கா, கல்யாணத்துக்கா?" என்றார். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு உறுதியாக நான் பதில் சொன்னதில்லை.

மேனேஜரிடமே வழி கேட்டு வைத்திருந்ததால், ஊரில் இறங்கி வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது ஆதாரமும் கிடைத்துவிட்டது. (உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களும் நாற்காலியில்தான் உட்காருவார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.) வாசலில் ஒருவர் செல்போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர்தான் தங்கராசு, பெரியவரின் அண்ணன் மகன், முதல் செய்தியைக் கொடுத்த புண்ணியவான் என்பது பிறகு தெரிந்தது. மாலையோடு வந்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

முன்னறையில் கட்டில். அதில் மெலிந்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து நாச்சிமுத்து அய்யா. பக்கத்தில் ஒரு பெண் ஈரத்துணியோடு நின்றிருந்தாள். அவள்தான் மகள் பூங்கொடி. நான் அவள் கையைப் பிடித்து, "அப்பா இப்படிப் போயிட்டாரேங்க" என்றேன். அவள் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அதைத் துக்கத்தில் உறைந்த முகம் என்று எடுத்துக்கொண்டு, கட்டிலருகே போய்க் குனிந்து மாலையைப் போட்டேன். நெஞ்சில் சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டேன்.

அய்யா கண்ணைத் திறந்தார்.

"பூ யாருக்குங்க அம்மணி?"

"உங்களுக்குத்தாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் மாலையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எந்தூருங்க?"

சேலம் என்றேன். பூங்கொடி முக்காலியை நகர்த்திப் போட்டாள், உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பொய் சொல்லத் தெம்பில்லை. வேலை, தளம், இரண்டு செய்திகள், மேனேஜர் சொன்னது என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். பூங்கொடிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்தச் செய்தி வந்ததிலிருந்து பால்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்றாள். உள்ளூர்க் கோயிலில் அவளைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். இப்போது நீயும் மாலையோடு வந்துவிட்டாய் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அய்யா மட்டும் பதறவில்லை. செய்திகளைப் படிக்கச் சொன்னார். அவருடைய சாவை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். பழைய சோறு கேட்கவே இல்லை, அது அவருக்குப் பிடிக்காது. கேட்டது காப்பி, அதிலும் சர்க்கரை பத்தவில்லை. மூச்சுக் குழாயை யாரும் பிடுங்கவில்லை, ஏனென்றால் யாரும் அதை வைக்கவே இல்லை. நுரையீரலில் புற்று. டாக்டர்கள் மெஷின் வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள், வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொன்னது அவர்தான்.

"நாப்பது வருசம் ரிக்கு ஓட்டுனவன் நானு" என்றார். "தண்ணி இல்லைன்னு தெரிஞ்ச எடத்துல இன்னும் நூறடி எறக்கலாம்னு சொன்னா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதுங்களா? எம்புள்ள மேல எதுக்குப் பழியப் போடறாங்க?"

இந்த நேரத்தில் வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. பந்தல்காரர். மூங்கிலை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் மாலை போட்டதைத் தங்கராசு ஜன்னல் வழியாகப் படமெடுத்திருந்தார். அய்யா கண்ணைத் திறப்பதற்குள் தெருமுனைக்குப் போய், சித்தப்பா போய்விட்டார் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாலை போட்டது நான். கொஞ்ச நேரத்தில் பின்தெருப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அழுதபடி உள்ளே நுழைந்தார்கள். கட்டிலில் மாலையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் முன்னால் வந்தவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர் அவர்மேல் இடித்துக்கொண்டார்.

"வாங்க" என்றார் அய்யா. பிறகு மகளிடம், "வந்தவங்களுக்குக் காப்பி வெய்யி சாமி" என்றார்.

பூங்கொடி மாலையைக் கழற்றப் போனாள். வேண்டாம் என்று தடுத்தார். "இருக்கட்டும். இதோட பேசுனாத்தான் நம்புவானுங்க. போனை எடு."

அவள் போனைப் பிடிக்க, கழுத்தில் மாலையோடு கேமராவைப் பார்த்து, குழாய் வேண்டாம் என்றது தான்தான் என்றும், மகள் தன்னைப் பார்த்துக்கொள்வதுபோல் எந்த ஆஸ்பத்திரியும் பார்க்காது என்றும் நிதானமாகச் சொன்னார். நடுநடுவே மூச்சு வாங்கியது. காத்திருந்து சொன்னார். வெளியே பந்தல்காரர் மூங்கிலைத் திரும்பவும் வண்டியில் ஏற்றும் சத்தம் அதில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

திரும்பும் பஸ் சங்ககிரி தாண்டுவதற்குள் தங்கராசு எடுத்த படம் என் போனுக்கே வந்துவிட்டது. தலைப்பு: 'முதியவர் மறைவு. மாலையிட்டுக் கதறிய மகள்.' மகள் நான்தான். உடனே அம்மா கூப்பிட்டார். "ஏண்டி, உங்கப்பா இங்க உக்காந்து டிவி பாத்துட்டிருக்காரு. நீ யாருக்கு மகளா அழுதுட்டிருக்கே?"

அடுத்தது சேகர் சார். பெரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அந்த மாலை? அது நம்முடைய மாலைதான் சார் என்றேன். மறுநாள் எங்கள் தளத்தில், 'பரவும் படத்தில் இருப்பவர் மகள் அல்லர், எங்கள் சரிபார்ப்பாளர்' என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே 'உண்மை' என்று முத்திரை.

ஆனால் அய்யா கணித்தது சரிதான். பொறுப்பாக எழுதிய மறுப்புகளை யாரும் படிப்பதில்லை. கழுத்தில் மாலையோடு பேசும் மனிதரை ஊரே பார்த்தது. பால்காரரும் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கேட்காமலே கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார் என்று பூங்கொடி பிறகு சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது.

"அப்பா போயிட்டாருங்க. தூக்கத்துலயே. வலி ஒண்ணுமில்லைங்க. போன் பண்ணுனா எல்லாரும் சிரிக்கறாங்க, ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. நீங்க போட்டாத்தான் வருவாங்க."

போட்டேன். முத்திரை குத்தக் கை வரவில்லை, அதைச் சேகர் சார்தான் செய்தார். மதியத்துக்குள் ஊர் திரண்டுவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இது இன்னும் ஓயவில்லை. எங்கள் சர்ச் பங்கில் யாராவது இறந்தார் என்று சேதி வந்தால் அப்பா முதலில், "ஸ்டெல்லா போய்ப் பாத்தாளா?" என்று கேட்கிறார். போன மாதம் அயோத்தியாப்பட்டணத்துப் பெரியப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பார்க்கப் போனேன். மயக்கம் தெளியக் கொஞ்ச நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பெரியம்மா என்னை வாசலிலேயே பார்த்துவிட்டு, அவசரமாக அவர் தோளைத் தட்டினார்.

"ஏங்க, ஸ்டெல்லா வந்திருக்கா. கண்ணத் தொறங்க."

திறந்துவிட்டார்.