பொலித்தீன் வெட்டாத மெத்தை

மெத்தையில் படுத்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானோர். மெத்தையைப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். அவர் சண்டிலிப்பாயில் இருக்கிறார்; பெயர் நடராசா, ஓய்வுபெற்ற தலைமை லிகிதர். அரசாங்கக் கந்தோரில் கொள்முதல் பகுதியை ஆண்ட காலத்தில், குழு கூடி ஆராயாமல் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றுகூட வாங்க விடாத பெருந்தகை. அந்தக் கந்தோர் கூட்டப்படவேயில்லை. கூட்டம் மட்டும் ஒழுங்காகக் கூட்டப்பட்டது.

அவருடைய மனைவி குணலட்சுமிக்கு நாரி நோ. குனிந்தால் இடுப்பு நிமிராது. வீட்டிலிருந்த பழைய பஞ்சு மெத்தை குழி விழுந்து கிடந்ததால், பாவம், நிலத்தில் பாயை விரித்துப் படுத்துவந்தாள். கனடாவிலிருக்கும் மகள் தர்சிகா இதைக் கேட்டுக் கலங்கி, யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் சொல்லி ‘மெமரி ஃபோம்’ மெத்தை ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மெத்தை வந்து இறங்கியதும் குணலட்சுமி அதன் பொலித்தீன் உறையைப் பிரிக்கப் போனாள்.

“கை வையாதையும்,” என்றார் நடராசா. “பொலித்தீன் வெட்டினால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டினம். முதல் தரத்தைப் பாக்கவேணும்.”

“படுத்தால் தெரியும்தானே?”

“படுக்கிறது பாவனை. தரம் பாக்கிறது வேறை.”

இந்த நுட்பமான வேறுபாட்டை விளங்கிக்கொள்ளும் பக்குவம் குணலட்சுமிக்கு இல்லை. அவள் பாயைத் தூக்கிக்கொண்டு போனாள். மெத்தை, ஹோல் நடுவில் ஆட்கள் இருக்கும் இரண்டு மரவாங்குகளின் மேல் எழுந்தருளியது.

உடனடியாக ‘மெத்தை மதிப்பீட்டுக் குழு’ அமைக்கப்பட்டது. தலைவர் நடராசா. கணக்கு வல்லுநர், பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து மாஸ்ரர். வெளிநாட்டு நிபுணர், இளவாலைக் கிறிஸ்ரோபர். ஜேர்மனியில் இருபது வருடம் இப்படியான மெத்தையில் படுத்து அனுபவம் பெற்றவர். தேநீருக்குப் பொறுப்பு குணலட்சுமி. இந்தப் பதவிக்குப் போட்டியிருக்கவில்லை.

முதலாம் அமர்வு சுபநேரத்தில் தொடங்கியது. மங்கல காரியமென்பதால் மெத்தையின் மேலேயே நிறைகுடம் வைத்தார்கள். குடம் ஆறுதலாக ஒரு பக்கம் புதைந்து, சரிந்து, தேங்காய் உருண்டு, தண்ணீர் முழுவதும் மெத்தையில் கொட்டியது.

“பாத்தியளே, பொலித்தீன் இருந்தபடியால் தப்பினது,” என்றார் தலைவர்.

குடத்தை எடுத்த பிறகும் பள்ளம் உடனே மறையவில்லை. மெல்ல மெல்ல மேலே வந்தது. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“நல்ல சாமான். மலிவு ஃபோம் எண்டால் துள்ளிக்கொண்டு எழும்பும்.”

“அது காணாது,” என்றார் கிறிஸ்ரோபர். “அடர்த்தி பாக்கவேணும். பாரமில்லாத ஃபோம் கொஞ்ச நாளிலை குழி விழுந்திடும். ஜேர்மன்காரர் அதைத்தான் முதல் கேப்பினம்.”

அடர்த்தி பார்க்க நிறுக்க வேண்டும். நிறுக்கத் தராசு வேண்டும். மெத்தையை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நீட்டிக் கட்டி, குழு முழுவதும் கூடவே ஏறிச் சந்தைக்குப் புறப்பட்டது. வெள்ளையாய் நீளமாய்ப் போவதைக் கண்ட இரண்டு பேர் சைக்கிளால் இறங்கித் தலை குனிந்து நின்றார்கள். நடராசா அவர்களுக்கு உரிய முறையில் கைகூப்பினார்.

மரக்கறி மொத்த வியாபாரி நிறுத்துக் கொடுத்த கணக்கை வைத்து மாஸ்ரர் பெருக்கி, வகுத்து, மறுபடியும் பெருக்கினார். அடர்த்தி குறைவு. கடைக்காரன் சொன்னதில் பத்தில் ஒரு பங்கைக் காணவில்லை. நடராசாவின் முகம் மலர்ந்தது. குறை கண்டுபிடிக்காத குழு என்ன குழு? வீடு திரும்பியதும், மெத்தையை மறுபடி வாங்குகளின் மேல் ஏற்றிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்கு எடுத்தார். வினோஜா என்ற பிள்ளை பேசினாள்.

“எங்கை ஐயா நிறுத்தனீங்கள்?”

“சந்தையிலை. மரக்கறி வியாபாரியிட்டை.”

“அவர் கழிவு பிடிச்சவரோ?”

நடராசா மாஸ்ரரைப் பார்த்தார். சந்தைக்கு எது வந்தாலும் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிப்பது வியாபாரியின் கைப்பழக்கம். கத்தரிக்காய்க்குக் கழித்த கை மெத்தைக்கும் கழித்துவிட்டது.

“ஓம்,” என்றார் நடராசா.

“மெத்தையிலை அழுகல் ஒண்டும் இல்லைத்தானே ஐயா? அப்ப அடர்த்தி சரி. அதை விடுங்கோ. ஒரு பக்கம் சரிஞ்சு படுக்கிற ஆக்களுக்கு மெதுவானது வேணும். நிமிந்து படுக்கிறவைக்கு இறுக்கமானது. பிழையெண்டால் மாத்தித் தாறம். ஆர் படுக்கப்போகினம்?”

“என்ரை மனிசி. அவவுக்கு நாரி நோ.”

“அவ எப்பிடிப் படுக்கிறவ?”

நடராசா யோசித்தார். அவள் அடுப்படியில் நிற்பது தெரியும். கிணற்றடியில் குனிந்து நிற்பது தெரியும். படுத்திருப்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மாஸ்ரரைப் பார்த்தார்.

“என்னைப் பாத்தால்? நீங்களெல்லே சொல்லவேணும்,” என்றார் மாஸ்ரர்.

“இஞ்சாரும்,” நடராசா குரல் கொடுத்தார். “நீர் சரிஞ்சோ நிமிந்தோ படுக்கிறனீர்?”

குணலட்சுமி ஒரு கையை நாரியில் ஊன்றியபடி வந்து, மற்றக் கையால் தேநீர்க் கோப்பைகளை எடுத்தாள்.

“நீங்கள் படுத்தாப்பிறகு படுக்கிறன். நீங்கள் எழும்ப முதல் எழும்புறன். இத்தனை வருசத்திலை நீங்கள் எப்ப பாத்தனியள்?”

கோப்பைகளைக் குசினியில் வைத்துவிட்டு மரக்கறிக் கத்தியோடு திரும்பி வந்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பொலித்தீனை ஒரே இழுவையில் கிழித்தாள். வந்திருந்த ஆட்களுக்கு முன்னால், வெட்கம் பாராமல், ஏறிப் படுத்தாள். அவளுடைய பாரத்துக்கு மெத்தை மெல்ல இறங்கிக் கொடுத்தது. நீண்டதொரு பெருமூச்சு வந்தது. அவ்வளவுதான், பிறகு அசையவில்லை.

“ஐயா, லைனிலை இருக்கிறியளோ? எப்பிடிப் படுக்கிறவ எண்டு கேட்டனான்.”

“சரிஞ்சுதான் பிள்ளை,” என்றார் நடராசா. “எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.”