அரைக்குதிரையும் முப்பத்துநாலு அடியும்

நீங்கள் எப்போதாவது ஒரு தண்ணீர் மோட்டாருக்குக் குட்மார்னிங் சொல்லியிருக்கிறீர்களா? நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். இடுப்பில் துண்டு, கையில் செம்பு. ஒரு இரும்புத் துண்டுக்கு முன்னால் குனிந்து நின்று, "சாப்டியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எல்லாம் அரைக்குதிரை செய்த வேலை. திண்டுக்கல் வட்டாரத்தில் அவர் தொட்டால் ஓடாத மோட்டார் கிடையாது. அவர் பேச ஆரம்பித்தால் நிற்கிற எஞ்சினியரும் கிடையாது. உண்மைப் பெயர் அவருடைய சைக்கிளுக்குக்கூடத் தெரியாது. அரைக்குதிரைச் சக்தி மோட்டார், அதாவது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போடுகிற குட்டி மோட்டார், அதை மட்டும்தான் தொடுவார். ஆளும் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மில்லில் இருந்து பெரிய மோட்டாருக்குக் கூப்பிட்டு ஆள் வந்தால், "பெருசுக்குப் பாக்க ஆயிரம் பேரு இருக்கான் அப்பு. சின்னதுக்கு யாரு இருக்கா?" என்று அனுப்பிவிடுவார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் நான். எங்களுக்கு அரை ஏக்கர் மல்லிகை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் தோட்டம் முழுக்க அம்மாவின் ராஜ்ஜியம். கிணற்றில் மாடு கட்டிக் கமலையில் இறைத்துக்கொண்டிருந்தோம். நான் கல்லூரியை முடித்த கையோடு வீட்டுக்கு வந்து, கையில் இருந்த அறிவு முழுவதையும் ஒரே ராத்திரிச் சாப்பாட்டில் கொட்டினேன். மாடு பழைய உலகம், மின்சாரம் புது உலகம் என்றேன். இரண்டு நாள் பேசினேன். மூன்றாம் நாள், என் வாயை மூடுவதற்காகவோ என்னவோ, அம்மா சம்மதித்தாள். மாடுகளை விற்று மோட்டார் வாங்கினோம். மாடுகள் போகும்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "செடி வாடுச்சுனா ஒன்னயத்தாம்லே கமலையில கட்டுவேன்."

அரைக்குதிரை வந்தார். வெயிலில் மிதித்து வந்தவருக்கு அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வாங்கினார், குடிக்கவில்லை. "மோட்டாரு குடிக்காம நான் குடிக்கிறதில்லத்தா" என்று சொம்பை ஓரமாக வைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"மோட்டார கெணத்துக்குள்ள பதினாலு அடியில எறக்கி வச்சிரலாம் அப்பு."

எனக்குச் சுருக்கென்றது. நான் கிணற்றுக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம் கட்டி முடித்திருந்தேன். சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் வைத்து, ஒரு கட்டில், புத்தக அலமாரி, தலை சீவக் கண்ணாடி. மோட்டார் ஒரு மூலையில் ஓட, நான் கட்டிலில் படுத்துப் படிப்பதாகத் திட்டம். அப்பாவே ஒரு தடவை, "இது மோட்டாருக்கா மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டார்.

"மேலயே வைங்க" என்றேன்.

"இப்ப தண்ணி மேல கெடக்கு. கோடையில கீழ போயிரும். இருபத்தஞ்சு அடிக்கு மேல இது உறிஞ்சாது அப்பு."

நான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்தப் பேனாவை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. காற்றழுத்தம், பாதரசம், எழுபத்தாறு சென்டிமீட்டர் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். காற்று தண்ணீரை முப்பத்துநாலு அடி தூக்கும். சந்தேகமே இல்லை, புத்தகத்தில் இருக்கிறது.

அவர் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புத்தகத்துல இருக்க பைப்புல ஓட்ட கெடையாது அப்பு. நம்ம பைப்பு நாலு பேரு கைபட்ட பைப்பு" என்றார். நான் சொன்னபடியே ரூமில் மோட்டாரை வைத்தார்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால், கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறங்கி, பதினாலு அடியில் சுவரில் இரண்டு இரும்புச் சட்டங்களை அடித்துச் சிமெண்ட் பூசினார்.

"இது எதுக்கு?"

"புறா வந்து உக்காரட்டுமே."

மனிதருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

குட்மார்னிங் விவகாரமும் அன்றைக்குத்தான். மோட்டாரைப் போடுவதற்கு முன் அதன் வாயில் தண்ணீர் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லோரும் அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள் என்பது அவர் குறை. "ஊத்திட்டு ஒரு வணக்கம் சொல்லு. சாப்டியானு கேளு. வீட்ல எல்லாரும் சௌக்கியமானு கேளு. அப்பறம் மூடியத் திருகி சுவிட்ச போடு." நான் சிரித்தேன். வணக்கமாவது, குட்மார்னிங் சொல்கிறேன் என்று கிண்டலாகச் சொன்னேன். "அதுக்கு இங்கிலீசும் தெரியும்" என்றார். பிற்பாடு கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இந்த மூன்றையும் நிதானமாகச் சொல்லி முடிக்கவும் கடைசிக் குமிழி மேலே வரவும் சரியாக இருக்கிறது. அன்று தண்ணீர் கொட்டியதும்தான் அவர் தன் சொம்பைக் காலி செய்தார்.

எட்டு மாதம் நான்தான் ராஜா. கட்டிலில் படுத்தபடி பாய்ச்சினேன். வந்தவன் போனவனுக்கெல்லாம் முப்பத்துநாலு அடி உபதேசம்.

பங்குனி வந்தது. தண்ணீர் இருபத்தொன்பது அடிக்குப் போனது. மோட்டார் ஓடியது, சத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. பன்னிரண்டு குடம் ஊற்றினேன். இணைப்புகளில் சோப்புத் தடவினேன், சணல் சுற்றினேன். குட்மார்னிங், குட் ஆப்டர்நூன் எல்லாம் சொன்னேன். மல்லிகை மொட்டு விடுகிற நேரம். ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வருஷா வருஷம் மாதா கோயில் பீடத்துக்குப் போகிற பூ எங்கள் தோட்டத்துப் பூ. இலைகள் சுருண்டுகொண்டிருந்தன.

"கணக்குப்படி இன்னும் அஞ்சு அடி பாக்கி இருக்கும்மா. காத்து தூக்கணும்" என்றேன்.

"அப்ப அந்தக் காத்தப் புடிச்சுச் செடிக்கு ஊத்துலே" என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தில் கயிற்றைக் கட்டினாள்.

நான்கு நாள் அரைக்குதிரையைக் கூப்பிடவில்லை. படித்த வாய் அவ்வளவு சுலபத்தில் திறக்காது. நானும் கூடவே இறைத்தேன். ஆனால் இரண்டு பேர் இறைத்து அரை ஏக்கர் நனையுமா? ஐந்தாம் நாள் காலை அம்மா தோசையைப் பிய்க்க முடியாமல் கையை மடக்கிக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நான் தோசையை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ மோட்டாரின் வயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி எம்புட்டு அடியில கெடக்கு?"

"இருபத்தொம்போது."

"முப்பத்துநாலுக்கு இன்னும் அஞ்சு அடி மிச்சமிருக்கே அப்பு" என்றார், தலையைத் தூக்காமல்.

நான் பாக்கெட்டில் இருந்த பேனாவைத் தொடவில்லை. நான்கு நாளில் எனக்கு வந்த ஒரே அறிவு அது. அவர் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தார். அதிலும் கொப்புளம். ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மோட்டாரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். பதினாலாவது அடியில் அந்தப் புறாச் சட்டம். மோட்டாரின் நான்கு துளைகளும் சட்டத்தின் நான்கு துளைகள்மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்தன. மேலிருந்து போன பைப்பைப் பார்த்தேன். முதல் நாளே சரியாகப் பதினாலாவது அடியில் ஒரு இணைப்புப் போட்டிருந்தார். கழற்றி, மோட்டாரை நடுவில் வைத்துத் திருகியாயிற்று. ஒரு முழம் புதுப் பைப்புக்கூடத் தேவைப்படவில்லை.

"புறாவுக்குனு சொன்னீங்க?"

"புறாவும் உக்காரலாம். யாரு வேணாம்னா?"

தண்ணீர் ஊற்ற நான் இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். ஊற்றினேன். கிணற்று விளிம்பைச் சுற்றிப் பக்கத்துத் தோட்டத்துத் தலைகள் ஏழெட்டு.

"சொல்லு அப்பு" என்றார் மேலேயிருந்து.

"குட்மார்னிங்" என்றேன். கிணறு அதை மூன்று தரம் திருப்பிச் சொன்னது. "சாப்டியா?" கிணறும் கேட்டது. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தான், மூடியத் திருகிட்டு ஏறி வாலே, சுவிட்ச போடணும்" என்றாள் அம்மா.

நான் மேலே வந்து சேர்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் என்னை முந்திக்கொண்டு ஓடியது. அரைக்குதிரை ஓரமாக வைத்திருந்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். "அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஊரே கூடியிருந்தது. சொல்லியிருந்தால் நான் மறுபடி கிணற்றுக்குள் இறங்கியிருப்பேன், கயிறு இல்லாமல்.

வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், எல்லோர் காதிலும் விழும்படி, "ஒங்க மகன் கணக்கு சரிதாந்தா. பைப்புதான் நம்ம ஊருப் பைப்பாப் போச்சு" என்றார்.

அந்த ஈஸ்டருக்குப் பீடத்தில் எங்கள் பூ இருந்தது. அடுத்த வருஷம் ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரர்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். மோட்டார் ரூம் கட்டிலில் படுத்துத்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மூலையில் மோட்டார் இல்லாமல் ரூம் கொஞ்சம் பெரியதாகத் தெரிகிறது. அவர் கிளம்பும்போது அவருக்கும் ஒரு குட்மார்னிங் சொல்லியிருக்கலாம்.

கிணற்றுச் சட்டத்தில், மோட்டாருக்குப் பக்கத்தில், இப்போது இரண்டு புறாக்கள் உட்கார்ந்திருக்கின்றன.